பீடத்தில் ஆடிய பாதம்

அத்தியாயம் ஒன்பது

சனிக்கிழமை காலை மலைக்காவலன் சுலபமாகக் கையோடு வந்துவிட்டது. எனக்கு முதலில் உறைத்தது அதுதான்.

எங்கள் முன்னறையில் அப்பா தன் கையால் செய்த ஓக் மர அலமாரி இருக்கிறது. அதன் நடுத்தட்டில், அதே ஓக்கில் செய்த பீடத்தின்மேல், நான் பிறப்பதற்கு முன்பிருந்தே நிற்கிறது அம்மா வடித்த அந்த ஈய ரோபோ, மலைக்காவலன். ஒரு சாண் உயரம்கூட இல்லை. அதன் பாத அளவுக்கே அப்பா பீடத்தில் இரண்டு குழிகள் குடைந்திருந்தார். நேராக இழுத்தால் வராது. சின்ன வயதில் திருட்டுத்தனமாக எடுத்து விளையாடியவள் நான். எனக்கு வித்தை தெரியும். பாதத்தோடு சேர்த்துப் பிடித்து, வாசல் பக்கமாக மெல்லத் திருகிவிட்டுத்தான் தூக்க வேண்டும்.

அன்று நான் திருகவே இல்லை. தூசி துடைக்கத் தொட்டேன், வந்துவிட்டது.

திரும்ப வைத்தேன். குழிக்குள் ஆடியது. மறுபடி எடுத்தேன், வைத்தேன். ஆடியது. குளிரில் மரம் விலகியிருக்கும் என்று நினைத்தேன். என் கைதான் சரியில்லை என்றும் நினைத்தேன். எதற்கும் முதலில் என்னைச் சந்தேகித்துவிட்டுத்தான் நான் மற்றவர்களிடம் போவேன்.

புதிதாகப் படிப்பவர்களுக்காக முன்கதையை இரண்டு மூச்சில் சொல்லிவிடுகிறேன். என் அம்மா ரோஸ்லின், இளவயதில் இதே நாட்டிங்ஹாமில் மேசைமேல் பொம்மைகளை நகர்த்தி ஆடும் போர் விளையாட்டுக் கம்பெனி ஒன்றில் சிற்பியாக இருந்தவள். ‘இரும்புக் காவல்’ ஆட்டத்தின் முதல் பெரிய ரோபோ அவள் கையில் பிறந்தது. அப்பா டெரிக் அதே கம்பெனியில் வார்ப்புக்காரர். இப்போது அதே ரோபோவைக் கம்பெனி புது வடிவில் பிளாஸ்டிக்கில் கொண்டுவருகிறது. பெட்டியில் ‘மூல வடிவம்: க்ளைவ் தார்ன்’ என்று அச்சாகியிருந்தது. க்ளைவ், அன்றைய சிற்பக்கூடத் தலைவர், இப்போது உயிரோடு இல்லை. அம்மாவின் பெயர் எங்குமே இல்லை.

அம்மா தன் வேலைகளில் ஒரு சின்ன நத்தையைப் பதித்து வைப்பாள். மலைக்காவலனின் இடது பாதத்தின் அடியிலும் பதித்திருந்தாள். கடைக்குப் போகும் அச்சு தயாரானபோது க்ளைவ் அதைச் சுரண்டிவிட்டார். நத்தை மிஞ்சியது முதல் வார்ப்பில் மட்டும். அந்த முதல் வார்ப்புதான் எங்கள் அலமாரியில் நின்றது. அதைப் பார்க்கத்தான், புது ரோபோவை வடிவமைத்த ஃப்ரேயா என்ற பெண் அன்று மதியம் எங்கள் ஆட்டக் கிளப்புக்கு வருவதாக இருந்தது.

அப்படிப்பட்ட நாளில் பாதம் ஆடுகிறது.

நான் மாடிக்குப் போய், ஆட்டத்துக்கு வைத்திருக்கும் என் சொந்த மலைக்காவலனை எடுத்து வந்தேன். கடையில் வாங்கிய பழைய ஈய உருவம். இரண்டையும் ஜன்னல் விளிம்பில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினேன்.

ஒரே உயரம்.

ஒரே உயரமாக இருக்கக் கூடாது. ஒரு பொம்மையிலிருந்து அச்சு எடுத்து வார்த்தால், பிள்ளை தாயைவிடக் கொஞ்சம் குட்டையாகத்தான் பிறக்கும். உலோகம் ஆறும்போது சுருங்கும். இது எங்கள் வீட்டில் பால் பொங்கினால் வழியும் என்பது மாதிரி எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அம்மாவின் முதல் வார்ப்பு தாய். என்னுடையது பிள்ளை. தாயும் பிள்ளையும் தோளோடு தோள் சமமாக நின்றார்கள்.

புரட்டிப் பார்த்தேன். நத்தை இருந்தது. ஆனால் சவைத்துத் துப்பிய மாதிரி மழுங்கியிருந்தது.

அலமாரியில் நின்றது நகல்.

“அதை எதுக்கு ஜன்னல்ல வெச்சிருக்க?”

திடுக்கிட்டுத் திரும்பினேன். அண்ணன் ரோரி, வாயில் பாதி ரொட்டியோடு நின்றான். கல்யாணப் பேச்சு முறிந்து, பெட்டி படுக்கையோடு அவன் வீட்டுக்குத் திரும்பி மூன்று வாரம் ஆகியிருந்தது. வேலை அதே கம்பெனியில். பொம்மைகளுக்கு அச்சு செய்யும் பிரிவில்.

“தூசி தட்டினேன்” என்றேன்.

“ஜன்னல்லயா?”

“வெளிச்சத்துல.”

“குடு, நான் பேக் பண்றேன். உன் கைக்கு எதையாவது ஒடிச்சு வெப்ப.”

“வேணாம். நானே பண்ணிக்கிறேன்.”

என் குரல் எனக்கே வெடுக்கென்று கேட்டது. அவன் ரொட்டியை மென்றபடி என்னைப் பார்த்தான். “என்னாச்சு உனக்கு?”

“வியாழக்கிழமை சாயங்காலம் நீ எங்க போயிருந்த, ரோரி?”

“நண்பனைப் பாக்க. சொன்னேனே.”

“எந்த நண்பன்?”

“நீ என்ன போலீஸா?” சிரித்தான். சிரிப்பு கண்வரை போகவில்லை. வியாழக்கிழமை நான் மாலை வகுப்புக்குப் போகும் வழியில் பேருந்திலிருந்து அவனைப் பார்த்திருந்தேன். கம்பெனி வாசலில், கையில் தோள்பையோடு. அதற்கு முந்தின ஞாயிறு இதே அலமாரி முன்னால் குனிந்து நின்றான். நான் வந்ததும் கண்ணாடிக் கதவைச் சாத்தினான்.

அலமாரி, தோள்பை, கம்பெனி வாசல். மூன்றையும் வரிசையாக வைத்துப் பார்த்தேன். வரிசை எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் வேறு மாதிரி அடுக்கவும் வரவில்லை.

●

மெதடிஸ்ட் சபையின் கூடத்தில்தான் எங்கள் கிளப். உள்ளே நுழைந்ததுமே தேநீர்ப் பாத்திரத்தின் ஆவியும் பெயின்ட் வாடையும் சேர்ந்து அடித்தன. நடு மேசையில் ஃப்ரேயா முன்கூட்டியே அனுப்பியிருந்த புது மலைக்காவலன் நின்றது. ஆட்டத்துக்குக் கொண்டுவந்த என் சொந்த மலைக்காவலனை மேசையின் ஓரத்தில் தள்ளி வைத்தேன். புதுசின் பக்கத்தில் பீடத்தை வைத்து, நகலை அதன்மேல் நிறுத்தினேன். ஆடாமலிருக்கக் குழிக்குள் காகிதம் மடித்துச் செருகினேன். செருகும்போது திருட்டுக்குக் கூட்டுப் போவது போலிருந்தது.

“வந்துடுச்சுய்யா குப்பைத்தொட்டி!” என்றார் கிளப் செயலாளர் மெர்வின். பழைய மலைக்காவலனுக்கு எல்லாரும் வைத்த பெயர் அது. உருண்ட உடம்பு, தடித்த கால், கழுத்தே கிடையாது. “பக்கத்துல புதுசைப் பாருங்க. இடுப்பைப் பாருங்க. தினம் ஓடப் போற மாதிரி இருக்கு.”

“ஒத்தக் கால்ல நிக்குதே” என்றாள் அம்மா, மேலங்கியைக் கழற்றாமலே நாற்காலியில் அமர்ந்து. “அவசரமா கக்கூஸ் தேடுதோ?”

எல்லோரும் சிரித்தார்கள். மெர்வின் விடவில்லை. “இல்ல ரோஸ்லின், நெஜமா சொல்லு. பழசு பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி நிக்குது. புதுசு சண்டைக்குப் போற மாதிரி நிக்குது. எது ரோபோ?”

“பஸ்ஸுக்கு நிக்கிறவன்தான் பயங்கரமான ஆளு. அவன் நகர மாட்டான். நீ சுத்திக்கிட்டுப் போகணும்.”

“சுவத்துக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கறதும் அவன்தான்! குட்டையா இருக்கறதால யார் கண்ணுக்கும் மாட்டறதில்ல. புதுசு தலைய நீட்டிக்கிட்டு நிக்குது, ஊரே சுடுது. அதனாலதான் பழசுக்கு அடியில மரக்கட்டை வெச்சு ஆடணும்னு விதி போட்டோம்.”

“என் பிள்ளைக்குக் குதிகால் செருப்பா?” என்றாள் அம்மா.

அப்பா புது ரோபோவின் கணுக்காலை விரலால் தொட்டார். ஒரு தீக்குச்சி அளவுதான் இருந்தது. “பிளாஸ்டிக்ல இது முடியும். ரோஸ்லினும் முதல்ல மெலிசாத்தான் செஞ்சு கொண்டுவந்தா. ஈயம் அதுக்குள்ள இறங்காதும்மா, இறங்கினாலும் நாலாம் நாள் வளைஞ்சிடும்னு நான்தான் சொன்னேன். முறைச்சா. மறுநாள் யானைக் காலோட வந்தா. ‘இப்ப இறங்குமா?’ன்னா.”

“இறங்கிச்சு” என்றாள் அம்மா.

வழக்கமாக இந்த இடத்தில் அப்பா அவள் தோளில் கை வைப்பார். அன்று வைக்கவில்லை. பீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அதைக் கவனித்தேன். ஆனால் என் சந்தேகம் முழுவதும் ரோரியின் முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது. அவன் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்தான். யாருக்கோ காத்திருந்தான்.

நகலைக் காட்டி ‘இதுதான் மூலம்’ என்று அம்மா சொன்னால் என்ன ஆகும்? ஃப்ரேயாவுக்கு அளக்கத் தெரியும். ஒரு நிமிடம் போதும். பெயருக்காகப் போலி செய்த கிழவி என்று ஊர் முழுக்கப் பேசும். கம்பெனிக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்? வெளியே போய் ரோரியின் சட்டைக் கையைப் பிடித்து, கூடத்தின் பின்பக்கம் கார்கள் நிற்கும் இடத்துக்கு இழுத்துப் போனேன்.

“எடுத்ததைக் குடு.”

“எதை?”

“நடிக்காத. உள்ள நிக்கறது நகல். என்னோடதும் அதுவும் ஒரே உயரம். நத்தை மழுங்கிக் கிடக்கு. வியாழக்கிழமை கம்பெனி வாசல்ல பையோட நின்னியே, நான் பாத்தேன்.”

ரோரியின் முகம் வெளுத்தது. பிடிபட்டவனின் வெளுப்பு என்றுதான் அப்போது நினைத்தேன்.

“நகலா?” என்றான். “ஹெட்டி, விளையாடாத. ஃப்ரேயா வந்துட்டிருக்கா.”

“அவளை உனக்கு முன்னாடியே தெரியுமா?”

“நான்தான்டீ அவளை வரச் சொன்னேன்! வியாழக்கிழமை அவகிட்டதான் போனேன். அம்மா செஞ்ச மத்த பொம்மையெல்லாம் பையில போட்டு எடுத்துட்டுப் போய், நத்தையைக் காட்டிக் கெஞ்சினேன். பெட்டியில பேரை மாத்தணும்னா முதல் வார்ப்பை நேர்ல பாக்கணும்னு சொன்னா. பேரை மாத்தற விஷயத்தை அம்மாகிட்ட சொல்லாதேன்னும் நான்தான் கேட்டுக்கிட்டேன். நடக்காமப் போச்சுன்னா அவ மனசு விட்டுடுவா.”

“அலமாரி முன்னாடி குனிஞ்சு நின்னியே?”

“கண்ணாடியில வெள்ளையா ஏதோ தூள் படிஞ்சிருந்துச்சு. என்னன்னு பாத்தேன். அவ்வளவுதான்.” சட்டைக் கையை என் பிடியிலிருந்து உருவிக்கொண்டான். “கல்யாணம் நின்னு போனவன், வேலையாவது பெருசா கிடைக்கட்டும்னு அம்மாவை வித்துட்டான்னு நெனச்சுட்ட. அப்படித்தானே?”

அப்படித்தான் நினைத்திருந்தேன்.

“அவனை விடு, ஹெட்டி.”

அப்பா. கார் டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை. கையில் ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது.

“அவன் எடுக்கல. நான்தான்.”

மூடியைத் திறந்தார். பஞ்சுக்கு நடுவில் மலைக்காவலன் கிடந்தது. என்னால் அடையாளம் காண முடியவில்லை. தோளிலிருந்து இடுப்புவரை வெள்ளையாகப் பூத்து, மாவு போல உதிர்ந்துகொண்டிருந்தது. ஒரு கை இல்லை. முகம் இருந்த இடத்தில் தூள்.

“ஓக்” என்றார் அப்பா. “ஓக் மரத்துலேர்ந்து ஒரு ஆவி வரும். அது ஈயத்தைத் தின்னும். மூடின அலமாரின்னா இன்னும் மோசம். நாப்பது வருஷம் ஈயத்தோட வேலை செஞ்சவன் நான். மத்தவங்ககிட்டயெல்லாம் ‘ஓக்ல வெக்காதீங்க’ன்னு சொல்லியிருக்கேன். வீட்டுல மட்டும், நல்ல மரமா பாத்து, கல்யாணப் பரிசா செஞ்சு, அதுக்குள்ளயே வெச்சேன். அழகா இருந்துச்சு. அதுக்குமேல யோசிக்கல.”

“எப்பப்பா பாத்தீங்க?”

“இலையுதிர் காலத்துல. பீடத்தைக் கவுத்துத் தட்டித்தான் வெளிய எடுத்தேன். முகம் போறதுக்கு முன்னாடி அச்சு எடுத்துட்டேன். பழைய ஈயக் கட்டி கொஞ்சம் இருந்துச்சு. நிறம் மாறக் கூடாதுன்னு அதுலயே வார்த்தேன். அவளுக்குத் தெரிய வேணாம்னு…” நிறுத்தினார். “இப்படி ஒருத்தி வந்து அளப்பான்னு எனக்கென்ன தெரியும்?”

ரோரி டப்பாவுக்குள் குனிந்தான். “பாதம் நல்லா இருக்கா? நத்தை பாதத்துலதானே இருக்கு?”

“பாதம் கெடாது. பீடத்துல உரசக் கூடாதுன்னு பாதத்துக்கு மட்டும் அப்பவே வார்னிஷ் பூசியிருந்தேன்” என்றார் அப்பா. அவர் பஞ்சை விலக்கினார். விலக்கிய கை அப்படியே நின்றது.

வலது பாதம் பளிச்சென்று இருந்தது. இடது பாதம் இல்லை. உதிர்ந்து போகவில்லை. கணுக்காலில் நேராக, சுத்தமாக, மெல்லிய ரம்பத்தால் அறுத்த வெட்டு.

“இது நான் இல்ல” என்றார் அப்பா. எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். காலையிலிருந்து நான் ரோரியைப் பார்த்த அதே பார்வை.

●

நாங்கள் உள்ளே ஓடியபோது ஃப்ரேயா வந்துவிட்டிருந்தாள். என் வயதுதான் இருக்கும். கழுத்தில் ஒரு பூதக்கண்ணாடி தொங்கியது. அம்மாவுக்கு எதிரே அமர்ந்து, பீடத்திலிருந்த நகலை ஏற்கெனவே கையில் எடுத்திருந்தாள். நான் செருகிய காகிதம் மேசையில் கிடந்தது.

“மிஸஸ் ஹாலம்” என்றாள் தயங்கியபடி, “நான் சின்ன வயசுல முதல்ல பெயின்ட் அடிச்சது இந்த ரோபோவுக்குத்தான். புதுசுல இடுப்பு வெச்சேன், கழுத்து வெச்சேன், கால் மட்டும் எத்தனை தடவை வரைஞ்சாலும் உங்க கால் மாதிரி தரையில ஊனி நிக்கல. அதான் ஒத்தக் கால்ல ஓட விட்டேன். உண்மையா சொல்றேன், உங்க பேரு பெட்டியில வரணும்னு எனக்கு ஆசை. ஆனா…” நகலை என் பழைய மலைக்காவலனுக்குப் பக்கத்தில் வைத்தாள். “இது முதல் வார்ப்பு இல்லையே?”

மெர்வின் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். அப்பா ஒரு அடி முன்னால் வந்தார்.

“ரோஸ்லின், நான் ஒண்ணு சொல்லணும்…”

“தெரியும் டெரிக்” என்றாள் அம்மா.

“என்ன தெரியும்?”

“நம்ம வீட்டுல ஒரு பொம்மை ஒரு மயிரிழை குட்டையானா எனக்குத் தெரியாதா? செஞ்சவ நான். கராஜ்ல பிஸ்கட் டப்பாவை நீ ஒளிச்சு வெச்ச அழகுக்கு, பிஸ்கட் வேணும்னு நான் தேடாம இருந்தாத்தான் ஆச்சரியம்.”

அவள் கைப்பையைத் திறந்தாள். கைக்குட்டையைப் பிரித்தாள். யானைக்கால் போன்ற ஒரு குட்டி ஈயப் பாதத்தை மேசையில் கவிழ்த்து வைத்தாள். அடியில் நத்தை இருந்தது. சுருள் சுருளாக, கொம்பு இரண்டும் தெரியும்படி, நேற்று வடித்தது போல.

“மீதியும் போறதுக்குள்ள இதையாவது காப்பாத்தலாம்னு அறுத்து எடுத்தேன்” என்றாள் அப்பாவிடம். “உன்கிட்ட சொன்னா அலமாரியை உடைச்சு விறகாக்கிடுவ. எனக்கு அந்த அலமாரி பிடிக்கும்.”

ரோரி என் தோளில் இடித்தான். மன்னித்தானா, இல்லை தற்செயலாகப் பட்டதா என்று எனக்கு இன்றுவரை தெளிவில்லை.

ஃப்ரேயா பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்து, பாதத்தை விளக்குக்கு நேராகத் திருப்பினாள். நீண்ட நேரம் பார்த்தாள். அவள் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு பரவியது. “இது தாய்தான். நத்தை வார்ப்புலயே வந்திருக்கு. சந்தேகமே இல்ல, மிஸஸ் ஹாலம்.”

மெர்வின் கை தட்ட ஆரம்பித்தார். இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். அதற்குள் ஃப்ரேயாவின் சிரிப்பு நின்றுவிட்டது.

“நத்தைக்குப் பக்கத்துல இருக்கறது யாரோட குறி?”

“பக்கத்துலயா? அது கீறல்மா” என்றார் அப்பா. “பீடத்துல மாட்டி மாட்டி எடுத்ததுல விழுந்திருக்கும்.”

“கீறல் இல்ல சார். சாவி. பல்லுகூட இருக்கு. ஊசியால வரைஞ்சிருக்காங்க.” கண்ணாடியை இன்னும் நெருக்கினாள். “வார்னிஷுக்கு அடியில இருக்கு.”

கைதட்டல் ஓய்ந்தது. அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வார்னிஷ் பூசியது அவர். பீடம் செய்தது அவர். இரண்டும் கல்யாணத்துக்கு. அதற்கு முன்பே யாரோ அம்மாவின் நத்தைக்குப் பக்கத்தில் தன் சாவியை வரைந்திருக்கிறார்கள். இத்தனை வருடம் அதன்மேல் அவர் தூசி துடைத்திருக்கிறார்.

“யாரு ரோஸ்லின்?” என்றார் அப்பா. “யாரோட சாவி?”

அம்மா ஃப்ரேயாவின் விரல்களிலிருந்து பாதத்தை மெதுவாக வாங்கினாள். “இந்தப் பாதத்தைக் காட்டினாலே என் பேரு பெட்டியில ஏறும்னா, நான் எப்பவோ கொண்டுவந்து காட்டியிருக்கலாமே. ஏன் காட்டலன்னு ஒருத்தருக்கும் தோணல, இல்ல?”

பீடத்தைத் தன் பக்கம் இழுத்தாள். இடது குழியில் பாதத்தை வைத்து, கட்டை விரலால் அழுத்தினாள். ‘டக்’ என்று ஒரு சத்தம். கொஞ்சமும் ஆடவில்லை. நத்தையும் சாவியும் ஓக்குக்குள் போய்விட்டன.

“வீட்டுக்குப் போகலாம்” என்று எழுந்தாள்.

அப்பா பாதத்தைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. கவிழ்த்துத் தட்டி, நகத்தைக் கொடுத்து நெம்பினார். வரவில்லை. ரோரியும் இழுத்துப் பார்த்தான்.

வாசலில் நின்று மேலங்கியின் பொத்தானைப் போட்டபடி அம்மா திரும்பிப் பார்த்தாள். அவர்களை அல்ல. என்னை. வாசல் பக்கமாக மெல்லத் திருகினால் போதும் என்பது அந்தக் கூடத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். அவளுக்கும் தெரிந்திருந்தது.

நான் இரண்டு கைகளையும் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.